நான்கு மணி நேரப் பரிசோதனைக்கு ஒரு தமிழ்த் தாள் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் பொங்கல் கழிந்து ஒரு காலையில் நான் எடுத்த வாந்தியில், முந்தின நாள் பகல் சாப்பிட்ட போஞ்சி அப்படியே கிடந்தது. என் மனைவி சாய்த்து வெட்டிய வெட்டுக்கூட மாறவில்லை. காலைத் தேநீரோடு பத்திரிகையை விரிக்கும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். வயிறு சாப்பாட்டை எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுகிறது என்று அளக்கும் ஒரு பரிசோதனைக்கு, நோயாளி கையில் தரும் அறிவுறுத்தல் தாளைத் தமிழிலும் கேட்டு எழுதும் கடிதம் இது; அந்தப் போஞ்சியிலிருந்து தொடங்காவிட்டால் இதற்கு அர்த்தமில்லை. பகல் ஒரு மணிக்கு உள்ளே போன காய்த்துண்டு 17 மணி நேரம் கழித்தும் முழுசாகக் கிடக்கிறது என்றால், அதைக் 'கேஸ்' என்று சொல்லி மாத்திரை தருவதில் ஏதோ பிழை இருக்கிறது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் 32 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் வாயில் அது ஸ்டோர். கடைசிப் பதினொரு வருடம் உதவி டீமேக்கர். சீனி வருத்தம் வந்து 19 வருடம், இன்சுலின் போடத் தொடங்கி ஆறு வருடம். இரண்டு வருடமாக நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். சாப்பிட்ட முக்கால் மணியில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். குத்திப் பார்த்தால் சீனி 58. அதே ஆளுக்கு நள்ளிரவில் 310. நான் ராத்திரியில் களவாக எதையோ எடுத்துத் தின்கிறேன் என்று என் வீட்டுக்காரிக்கே சந்தேகம் வந்து, அலுமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நடந்தது இதுதான்: இன்சுலின் நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டது, சாப்பாடு வரவில்லை. அது வயிற்றிலேயே படுத்துக் கிடந்துவிட்டு, இன்சுலின் போன பிறகு மெதுவாகக் குடலுக்கு இறங்கியது.

இதைக் கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு வைத்தியர். கமரா விட்டுப் பார்த்தார். புண்ணும் இல்லை, அடைப்பும் இல்லை. பிறகு ஒரு தாளை எடுத்து வயிற்றை வரைந்து காட்டினார். அதுவரை வயிறு என்றால் ஒரு பை என்றுதான் நினைத்திருந்தேன். மேற்பகுதி, வந்த சாப்பாட்டைத் தாங்கி வைக்கும் இடம். கீழ்ப்பகுதி, நிமிடத்துக்கு மூன்று தரம் சுருங்கி அரைக்கும் இடம். அதன் முடிவில் ஒரு வாசல். தண்ணீரும் கஞ்சித் தெளிவும் அந்த வாசலில் அதிகம் காத்திருப்பதில்லை. திண்மமான உணவு ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு அரைபட்ட பிறகுதான் வெளியேற முடியும். பெரிய துண்டு வந்து முட்டினால் வாசல் சாத்திக்கொள்ளும்; துண்டு பின்னால் தள்ளப்பட்டு மறுபடி அரைபடும்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் "ரோல் பிரேக்கர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ரோலரில் உருட்டிய கொழுந்தை ரோல் பிரேக்கர் சல்லடையில் போட்டால், கண்ணால் கீழே இறங்குவது முதல் தூள். இறங்காதது திரும்ப ரோலருக்குப் போகும். மறுபடி உருட்டிச் சலித்தால் இரண்டாம் தூள். எத்தனை உருட்டு உருட்டினாலும் இறங்காமல் கடைசியில் மிஞ்சுவதற்கு பிக் பல்க் என்று பெயர். என் போஞ்சி பிக் பல்க். அரைக்கும் வேலையை நடத்துவது வேகஸ் என்ற நரம்பு. பல வருடச் சீனி அதையும் தின்றுவிடும் என்றார். மோட்டருக்குக் கரண்ட் குறைந்தால் ரோலர் எப்படிச் சுற்றும்?

சந்தேகம் சரிதானா என்று அளந்து பார்க்க ஒரு பரிசோதனை எழுதித் தந்தார். முட்டை வெள்ளைக்கருவில் டெக்னீசியம் 99எம் என்ற கதிர்வீசும் பொருளைச் சிறிதளவு கலந்து, அதைச் சமைத்து, பாணோடு சாப்பிடத் தருவார்கள். அந்தப் பொருள் வீசும் கதிரைக் காமா கமரா பிடித்து, வயிற்றில் சாப்பாடு எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்லும். கலந்த பிறகு சமைப்பதுதான் இதில் சூட்சுமம். வேகும்போது முட்டை அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெந்த முட்டையின்மேல் தெளித்தால் வயிற்று நீரில் கழன்று போய்விடும். திரவத்தை அளந்துவிட்டுத் திண்மத்தை அளந்ததாக நினைத்து ஏமாறுவோம். 1966 இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் குரோமியம் 51 கலந்த உணவைக் கொடுத்து இதை முதன்முதலில் அளந்தார்களாம். இப்படிக் கழன்று போவதற்குப் பயந்து அமெரிக்காவில் ஒரு குழு 1976 இல் என்ன செய்தது தெரியுமா? உயிருள்ள கோழிக்கு டெக்னீசியத்தை ஊசியில் ஏற்றி, அது ஈரலில் போய்த் தங்கியதும் கோழியை அறுத்து, அந்த ஈரலைச் சமைத்து ஆட்களுக்குக் கொடுத்தது. இவ்வளவு மினக்கெட்டு வேலை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

முதல் பயணம் வைகாசியில், கொழும்பில் ஒரு வைத்தியசாலைக்கு. அதன் பெயரை எழுத மாட்டேன். அங்கே இருந்த பிள்ளைகள் அன்பானவர்கள், என் கோபம் அவர்கள்மேல் இல்லை. திகதி தந்தபோது கையில் ஒரு தாளும் தந்தார்கள். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். எனக்குச் சிங்களம் பேச நன்றாக வரும். ஃபிட்டரோடும் லொறி ட்ரைவரோடும் 32 வருடம் அதில்தான் பேசினேன். அச்சில் வரும் மருத்துவச் சிங்களம் வேறு சாதி. எழுத்துக் கூட்டி வாசித்ததில் எனக்குக் கிடைத்தது இரண்டு விஷயம்: நடுச்சாமத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது, வயிற்றுக்குப் போடும் மாத்திரையை இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

வயிற்றுக்குப் போடும் மாத்திரை என்றால் எனக்குக் கேஸ் மாத்திரை. அதை ஒழுங்காக நிறுத்தினேன். வாந்திக்குப் போடும் டொம்பெரிடோனை நிறுத்தவில்லை. அது வாந்தி மாத்திரைதானே. ஹட்டனில் இரவு பஸ் ஏறும்போது, கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளுக்குப் பயந்து ஒன்றுக்கு இரண்டாகவே போட்டுக்கொண்டேன். வயிற்றை உந்தித் தள்ளி வேலை வாங்குகிற மாத்திரையே அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. தாளில் முக்கியமாக நிறுத்தச் சொல்லியிருந்ததும் அதைத்தான். வயிறு சோம்பேறியா என்று பார்க்கப் போகிற அன்று, அதற்குச் சாட்டையடி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். காலையில் சீனி எவ்வளவு என்று யாரும் விரலைக் குத்திப் பார்க்கவும் இல்லை. சீனி ஏறியிருந்தால் நல்ல வயிறுகூட மெதுவாகிவிடும். 275க்கு மேல் இருந்தால் அதைக் குறைக்காமல் பரிசோதனையைச் செய்யக்கூடாது.

அதோடு முடியவில்லை. முட்டையைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமானதும், படம் எடுக்கும் பிள்ளை வந்து, தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், பஸ் பிடிக்க வேண்டுமே, இது போதும், நீங்கள் போகலாம் என்றது. நான் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரத்தில் மிச்சம் நூற்றுக்கு 54. அந்த நேரத்தில் 60 வரை இருக்கலாம். ஆகவே அறிக்கையில் இயல்பு என்று எழுதிவிட்டார்கள்.

அந்த ஒரு சொல்லால் ஏழு மாதம் போனது. பரிசோதனையே இயல்பு என்ற பிறகு வாந்தி எடுக்கிறவன் நடிக்கிறான் அல்லது மனசு சரியில்லை. ஒருவர் தூக்க மாத்திரை எழுதினார். பென்சன் எடுத்தவர்களுக்கு இப்படித்தான், கோயில் வேலை ஏதாவது எடுத்துச் செய்யுங்கள் என்று இன்னொருவர் புத்தி சொன்னார். இந்தக் காலத்தில் நான் 9 கிலோ மெலிந்தேன்.

மார்கழியில் வேறொரு வைத்தியர் பழைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்து இரண்டு கேள்விதான் கேட்டார். அன்றைக்கு என்னென்ன மாத்திரை போட்டிருந்தீர்கள்? நாலாவது மணி நேரத்துப் படம் எங்கே? இந்த இரண்டையும் அந்தத் தாள் தமிழில் எனக்குச் சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தடவை முதல் நாளே போய், கொட்டாஞ்சேனையில் மச்சினி வீட்டில் தங்கினோம். டொம்பெரிடோனை 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தேன். நிறுத்திய இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை எழுதினால் போஞ்சிக் கதை தோற்றுவிடும். காலையில் விரலைக் குத்தினார்கள்: 168. இன்சுலினைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன அளவில் போட்டுக்கொண்டேன்.

ஒரு காகிதத் தட்டு வந்தது. அதில் மஞ்சள் கலக்காத முட்டை, வெளுத்த பஞ்சைக் கிள்ளிப் போட்டது போல. பக்கத்தில் வாட்டிய பாண் இரண்டு துண்டு, ஒரு கரண்டி ஸ்ட்ரோபெரி ஜாம், 120 மில்லிலீற்றர் தண்ணீர். உப்பும் இல்லை, மிளகும் இல்லை. பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அன்று பார்த்து வெள்ளிக்கிழமை. முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை முட்டை நுழையாத வீட்டுக்காரன் நான். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டு முருகனிடம் ஏதோ சமாதானம் பேசுவது கண்ணாடிக் கதவால் தெரிந்தது.

சாப்பிட்டதும் எழுந்து நிற்க வைத்து முன்னும் பின்னும் ஒவ்வொரு நிமிடம் படம் எடுத்தார்கள். கறுப்புத் திரையில் அவரைக்காய் வளைவில் ஒரு வெளிச்சம். உடம்பு தெரியவில்லை, எலும்பு தெரியவில்லை. நான் சாப்பிட்ட முட்டை மட்டும் இருட்டில் தனியாக நின்றது. பிறகு ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில், நான்கு மணி நேரத்தில் அதே படம். இடையில் எதுவும் சாப்பிடக்கூடாது, சிகரெட் பிடிக்கக்கூடாது, கடைத்தெரு சுற்றக்கூடாது.

முன்னாலும் பின்னாலும் எதற்கு என்று கேட்டேன். வயிற்றின் மேற்பகுதி முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முன்பக்கம். சாப்பாடு கீழே நகர நகர முன் கமராவுக்குக் கிட்ட வருகிறது; கிட்ட வந்தால் கதிர் அதிகமாகப் பிடிபடும். முன்னால் மட்டும் எண்ணினால் சாப்பாடு கூடியது போலக் காட்டும். அதனால் இரண்டு எண்ணிக்கையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். டெக்னீசியம் தானாகத் தேய்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதன் அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம். சாப்பாடு ஓர் இம்மியும் அசையாவிட்டாலும் நான்கு மணி நேரத்தில் எண்ணிக்கை நூற்றுக்கு 37 குறைந்துவிடும். கதிர் என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அடுத்த நாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

என் கணக்கு இது. ஒரு மணி நேரத்தில் மிச்சம் 88, இரண்டில் 69, நான்கில் 34. நான்காவது மணி நேரத்தில் பத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இந்தப் பத்து என்ற எல்லை, சுகமான 123 பேருக்கு இதே உணவைக் கொடுத்து அளந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 2008 இல் அமெரிக்காவின் இரண்டு வைத்தியச் சங்கங்கள் கூடி, இதே உணவு, இதே நான்கு மணி நேரம் என்று பரிந்துரைத்தன. இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தினால் என்னைப் போன்றவர்கள் சிலர் தப்பிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். தப்பிவிடுகிறார்கள் என்றா எழுதினேன்? அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்று திருத்தி வாசியுங்கள்.

பாணும் ஜாமும் நம் சாப்பாடா, ரொட்டியும் சம்பலும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று நானும் அங்கே கேட்டேன். கேட்ட வாயை உடனே மூடிக்கொண்டேன். தேயிலை ருசி பார்ப்பவர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரே நிறைத் தூள் போட்டு, ஒரே அளவு கொதிநீர் ஊற்றி, ஒரே நிமிடக் கணக்கில் வடிக்காவிட்டால் எந்தத் தோட்டத்துத் தேயிலை நல்லது என்று எப்படிச் சொல்வார்? தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியில் கொழுப்பு அதிகம். கொழுப்பு சுகமான வயிற்றையும் தாமதப்படுத்தும். உணவை மாற்றினால் பத்து என்ற எல்லையும் செல்லாது. தாய்லாந்தில் சோறும் டெக்னீசியம் கலந்த முட்டையும் கொடுத்து, சுகமானவர்களிடம் தங்களுக்கென்று இயல்பளவு கண்டிருக்கிறார்கள். நம் மருத்துவ பீடங்களில் யாராவது பிள்ளைகள் சோற்றுக்கும் ரொட்டிக்கும் அதைச் செய்ய முன்வந்தால், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் நான் போய்ச் சாப்பிட்டுத் தருகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்தத் தாளைத் தமிழிலும் அச்சிட வேண்டும். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஒரு பக்கத் தாளுக்கு இத்தனை வருடம் போதாதா? மொழிபெயர்க்கிறேன் என்று அகராதியைப் பார்த்து 'இரைப்பை இயக்க ஊக்கிகள்' என்று போட்டுவிடாதீர்கள், அது எனக்கு மருத்துவச் சிங்களத்தைவிட மோசம். வாந்திக்குப் போடும் டொம்பெரிடோன், மெட்டொகுளோபிரமைட் என்று மாத்திரையின் பெயரையே எழுதுங்கள். கடும் நோவுக்குத் தரும் மோர்ஃபின் வகை மருந்துகளும் வயிற்றைத் தூங்க வைக்கும், அவற்றையும் எழுதுங்கள். எதையும் நோயாளி தன் எண்ணத்தில் நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டு நிறுத்தவேண்டும் என்று அடியில் தடித்த எழுத்தில் போடுங்கள். சீனிக்காரர் இன்சுலினைக் கொண்டுவர வேண்டும் என்பதும், நான்கு மணி நேரம் முழுசாக இருக்கவேண்டும் என்பதும், இடையில் வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். மிச்சத்தை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, மலையகத்திலிருந்து வருகிறவர் என்று முகவரியில் கண்டால் திகதியை முன்னேற்பாட்டோடு தாருங்கள். எங்கள்மேல் இரக்கப்பட்டு இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவைப்பது உதவியே இல்லை. அந்த இரக்கத்துக்கு நான் இரண்டாவது தடவை பஸ் காசும் கொடுத்தேன், ஏழு மாதமும் கொடுத்தேன். பேராதனை மருத்துவ பீடத்திலும் ஓர் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. எங்களுக்குக் கொழும்பைவிடக் கண்டிதான் கிட்ட. இந்தப் பரிசோதனைக்கு மலையகத்து நோயாளிகளை எங்கே அனுப்பலாம் என்பதைச் சுகாதார அதிகாரிகள் தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கு அறிவித்தால், அவர்களும் கேஸ் மாத்திரையை அள்ளிக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

இப்போது நான் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிடுகிறேன். எண்ணெய் குறைவு, நார் குறைவு. போஞ்சி, பலாக்காய் எல்லாம் அரைத்துத்தான். இன்சுலினைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி முழுசாக நிற்கவில்லை, வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அலுமாரிச் சாவி ஆணிக்குத் திரும்பி வந்துவிட்டது.

சொல்ல ஒன்று விட்டுப்போனது. எங்கள் கீழ்ப் பிரிவில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்கும் இதே பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். அவள் கையிலும் அதே தாள்: ஒரு பக்கம் சிங்களம், ஒரு பக்கம் ஆங்கிலம். அந்தத் தங்கச்சியை உட்கார வைத்து, கொப்பித் தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் போகச் சொன்னாலும் எழும்பாதே என்றேன். அவள் அதை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: போகிற நாள் ஒரு பேர் (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளக் கணக்கு), முதல் நாளே போய்த் தங்கினால் இரண்டு பேர் போய்விடுமே அண்ணா, நாலு மணி நேரம் இருந்தேன் என்று ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு தருவார்களா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கே எழுதினால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுடைய திகதி அடுத்த மாதம் பதினான்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி டீமேக்கர் ஒருவர்,
பொகவந்தலாவை.